பெருவிரல் மூட்டு வலிக்கெல்லாம் யூரிக் அமிலம்தான் காரணமா?

கேள்வி: எனக்கு வயது 54. வலது கால் பெருவிரலின் அடிமூட்டில் 8 மாதங்களாக வலி இருக்கிறது. நடந்தாலும் படியேறினாலும் கூடுகிறது, உட்கார்ந்தால் அடங்கிவிடுகிறது. மூட்டின் மேற்புறத்தில் கடினமான புடைப்பு ஒன்று இருக்கிறது. செருப்பின் வார் அதில் உரசினால் வலிக்கிறது. ரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் 7.4 என்று வந்ததால், இது கவுட் (யூரிக் அமிலம் படிகமாகி மூட்டில் படிவதால் வரும் வாதம்) என்றும், அதைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரையை ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டும் என்றும் சொல்கிறார்கள். ரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதையசைடு கலந்த மாத்திரை சாப்பிடுகிறேன். பருப்பு, கீரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். அலோபியூரினாலைத் தொடங்கலாமா? நடைப்பயிற்சியை விட்டுவிட வேண்டுமா?

பதில்: நீங்கள் எழுதியவற்றுள் 7.4 என்ற எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, வலி மாதக்கணக்கில் நீடித்து வருகிறது என்பதும், நடந்தால் கூடி உட்கார்ந்தால் அடங்குகிறது என்பதும், மூட்டின் மேற்புறத்தில் கடினமான புடைப்பு இருக்கிறது என்பதும்தான். இவை மூன்றும் சேர்ந்து காணப்பட்டால் முதலில் நினைக்க வேண்டியது கவுட்டை அல்ல, மூட்டுத் தேய்மானத்தை. பெருவிரல் அடிமூட்டில் வரும் இந்தத் தேய்மானத்துக்கு ஹாலக்ஸ் ரிஜிடஸ் என்று பெயர். காலை நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல இயலாது. ஆனால் ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டிய ஒரு மாத்திரையைத் தொடங்கும் முன்பு இந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வது அவசியம்.

கவுட் வரும் விதமே வேறு. நன்றாக இருந்து படுத்தவர் நள்ளிரவிலோ விடியற்காலையிலோ வலி தாங்காமல் விழித்துக்கொள்வார். சில மணி நேரத்துக்குள் மூட்டு சிவந்து வீங்கிவிடும், தொட்டால் சுடும், போர்வை பட்டால்கூடப் பொறுக்க முடியாது. பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொடும் அந்த வலி, மருந்தே இல்லாவிட்டாலும் ஓரிரு வாரங்களில் அடங்கிவிடும். அடங்கும்போது அந்த இடத்தில் மேல்தோல் உரிவதும் உண்டு. அதன்பின், மாதங்களோ ஆண்டுகளோ கழித்து அடுத்த தாக்குதல் வரும்வரை, அந்த மூட்டு பெரும்பாலும் தொந்தரவின்றியே இருக்கும். கவுட் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு முதல் தாக்குதல் பெருவிரலின் அடிமூட்டில்தான் வருகிறது என்பதால், அங்கே எந்த வலி வந்தாலும் யூரிக் அமிலத்தையே சந்தேகிக்கும் பழக்கம் ஏற்பட்டுவிட்டது.

ரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டும்போது யூரேட் படிகங்கள் உருவாக வாய்ப்பு ஏற்படுகிறது என்பது உண்மைதான். ஆனால் அளவு கூடியிருப்பவர்களில் பெரும்பாலோருக்குக் கவுட் வருவதே இல்லை. மறுபுறம், கவுட் தாக்கியிருக்கும் நாள்களில் எடுக்கும் பரிசோதனையில் அளவு இயல்பாகத் தெரிவதும் உண்டு. அதனால்தான் தாக்குதல் அடங்கி இரண்டு வாரங்களாவது கழித்து மறுபடியும் பார்க்கச் சொல்கிறோம். எனவே அந்த எண் கவுட்டை உறுதிசெய்வதும் இல்லை, இல்லையென்று சொல்வதும் இல்லை. உறுதியான சான்று வேண்டுமென்றால், வீங்கிய மூட்டிலிருந்து ஊசியால் நீரெடுத்து, சிறப்பு நுண்ணோக்கியில் ஊசிமுனை வடிவப் படிகங்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

இனி தேய்மானத்துக்கு வருவோம். நாம் ஒவ்வொரு அடி வைக்கும்போதும், குதிகால் தரையைவிட்டு எழுந்து பாதம் முன்னே தள்ளும் அந்தக் கணத்தில், பெருவிரல் தரையில் ஊன்றியிருக்க, அதன் அடிமூட்டு மேல்நோக்கி நன்றாக வளைந்தாக வேண்டும். நலமான மூட்டு ஏறக்குறைய 65 முதல் 75 டிகிரி வரை வளையும். குருத்தெலும்பு தேயத் தேய மூட்டின் மேல்விளிம்பில் புதிய எலும்பு முளைக்கிறது. கதவு முழுதாகத் திறக்காதபடி பின்னால் வைத்த கல்லைப் போல, அந்த முளை விரலை மேலே வளையவிடாமல் தடுக்கிறது. செருப்பின் வாரில் உரசுவதாக நீங்கள் சொல்லும் புடைப்பு அந்த முளையாகவே இருக்கக்கூடும். படியேறும்போதும் குந்தி உட்காரும்போதும் மூட்டு அதிகமாக வளைய வேண்டியிருப்பதால் அப்போதெல்லாம் வலி கூடுகிறது.

இதை நீங்களே ஓரளவு சோதித்துப் பார்க்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து வலது காலை இடது தொடையின் மேல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கையால் அடிமூட்டுக்குப் பின்னால் பாதத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் பெருவிரலை மெதுவாக மேல்நோக்கி வளையுங்கள். பிறகு இடது காலிலும் அதையே செய்து ஒப்பிடுங்கள். வலது விரல் பாதியிலேயே முட்டி நின்று, அந்த இடத்தில் மூட்டின் மேற்புறம் வலித்தால் தேய்மானத்துக்கான வாய்ப்பு மேலும் வலுக்கிறது. நின்ற நிலையில் எடுக்கும் எக்ஸ்ரேயில் மூட்டின் இடைவெளி குறைந்திருப்பதும், பக்கவாட்டுப் படத்தில் மேல்விளிம்பு முளையும் தெளிவாகத் தெரியும். படுக்கவைத்து எடுத்த படத்தில் இடைவெளி சரியாகத் தெரியாமல் போகலாம். ஆகவே நின்றபடியே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வேறு காரணங்களும் உண்டு. பெருவிரல் மற்ற விரல்களை நோக்கிச் சாய்ந்து, பாதத்தின் உட்பக்கம் எலும்பு துருத்திக்கொண்டிருந்தால் அது ஹாலக்ஸ் வால்கஸ். முன்பக்கம் குறுகிய காலணிகள் அதன் வலியைக் கூட்டும். வலி மேற்புறத்தில் இல்லாமல் அடிப்புறத்தில், ஊன்றும் மேட்டில் இருந்தால், அங்கே தசைநாணுக்குள் பதிந்துள்ள இரண்டு சிறு எலும்புகளில் அழற்சியோ விரிசலோ இருக்கலாம்; ஓட்டக்காரர்களிடமும் நடனமாடுபவர்களிடமும் இதை அதிகம் பார்க்கிறோம். காலையில் எழுந்ததும் பல மூட்டுகள் வெகுநேரம் இறுகியிருந்தாலோ, தோலில் செதில்படலம் இருந்தாலோ, முடக்குவாதத்தையும் சொரியாசிஸ் மூட்டழற்சியையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது: மூட்டு திடீரென வீங்கிச் சிவந்து, கூடவே காய்ச்சலோ குளிரோ இருந்தால், அல்லது அருகில் புண் இருந்தால், அது மூட்டுக்குள் சீழ்பிடிப்பதாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் வலி குறைவாக இருந்தாலும் காத்திருக்கக் கூடாது; அவர்களது கால் வலியை முழுதாகக் காட்டிக்கொடுக்காது.

தேய்மானம் என்று உறுதியானால், சிகிச்சையின் பெரும்பகுதி காலணியில் இருக்கிறது. மருந்துச் சீட்டுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூட நாம் காலணிக்குக் கொடுப்பதில்லை என்பது என் நீண்டநாள் வருத்தம். மூட்டு வளைந்தால்தான் வலி என்னும்போது, வளைய வேண்டிய தேவையைக் குறைப்பதே வழி. காலணியின் முனையையும் குதிகாலையும் பிடித்து வளைத்துப் பாருங்கள். எளிதில் மடியும் மெல்லிய அடிப்பாகம் உங்களுக்கு ஆகாது. அடிப்பாகம் விறைப்பாகவும், முன்பகுதி சற்று மேல்நோக்கி வளைந்து பாதம் உருண்டு செல்லும்படியும், விரல்கள் இருக்கும் இடம் அகலமாகவும் உயரமாகவும், குதிகால் தாழ்வாகவும் இருக்க வேண்டும். புதிய காலணி வாங்க இயலாவிட்டால், பெருவிரல் வரை நீளும் விறைப்பான கார்பன் தகடு ஒன்றை இருக்கும் காலணிக்குள் வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்குள்ளும் கடினமான தரையில் வெறுங்காலுடன் நடப்பதைக் குறையுங்கள். விரலைப் பலவந்தமாக மேலே வளைக்கும் பயிற்சி வேண்டாம். எலும்பு எலும்பில் இடித்து வலிதான் கூடும்.

வலி கூடும் நாள்களில் டைக்ளோஃபினாக் களிம்பைத் தடவிக்கொள்ளலாம். ஆனால் ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். அவை ரத்த அழுத்தத்தைக் கூட்டும், நீங்கள் ஏற்கெனவே சாப்பிடும் சிறுநீர்ப்பெருக்கியான ஹைட்ரோகுளோரோதையசைடோடு சேர்ந்து சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும். மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களோ மாதங்களோ நிம்மதி தரும், தேய்மானத்தை மாற்றாது. இவற்றாலெல்லாம் குறையாவிட்டால் அறுவை சிகிச்சை இருக்கிறது. தொடக்க, நடுநிலைத் தேய்மானத்தில் மேல்விளிம்பு முளையை மட்டும் செதுக்கி எடுப்பார்கள். குருத்தெலும்பு முழுதும் போய்விட்ட நிலையில் மூட்டையே அசையாமல் இணைத்துவிடுவார்கள். அசைவில்லாத விரலோடு எப்படி நடப்பது என்று பலர் தயங்குகிறார்கள். எலும்பு கூடியபின் பெரும்பாலோர் வலியின்றி நன்றாகவே நடக்கிறார்கள். குதியுயர்ந்த காலணி அணிவதுதான் கடினமாகிவிடும்.

அலோபியூரினால் பற்றி: கவுட் தாக்குதல் ஒருமுறைகூட வராதவருக்கு, எண் கூடியிருக்கிறது என்பதற்காக மட்டும் யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மருந்தைத் தொடங்க வேண்டாம் என்பதே அமெரிக்க வாதநோய்க் கல்லூரி 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் பரிந்துரை. நான் மேலே விவரித்ததைப் போன்ற தாக்குதல் உங்களுக்கு எப்போதாவது வந்திருந்தால் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள், அப்போது கணக்கு வேறு. கவுட் என்று உறுதியாகி, தாக்குதல் மீண்டும் மீண்டும் வந்தால், பொதுவாக நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்கி, அளவு 6க்குக் கீழே இறங்கும்வரை படிப்படியாகக் கூட்டுவார்கள். மேலும், நீங்கள் சாப்பிடும் ஹைட்ரோகுளோரோதையசைடு யூரிக் அமிலத்தை உயர்த்தும் இயல்புடையது. உங்கள் 7.4இல் அதற்கும் பங்கிருக்கலாம். நீங்களாக நிறுத்திவிடாமல், மாற்று மருந்து பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். லோசார்டான் ரத்த அழுத்தத்தோடு யூரிக் அமிலத்தையும் ஓரளவு குறைக்கும்.

பருப்பையும் கீரையையும் நீங்கள் மறுபடியும் சாப்பிடலாம். உடலில் யூரிக் அமிலமாக மாறும் பொருளான பியூரின், தாவர உணவில் இருந்தாலும் கவுட் அபாயத்தைக் கூட்டுவதாகத் தெரியவில்லை; இறைச்சி, ஈரல் போன்ற உள்ளுறுப்புகள், சில கடல் உணவுகள், மது, அதிலும் குறிப்பாக பீர், சர்க்கரை சேர்த்த குளிர்பானங்கள் ஆகியவைதான் கூட்டுகின்றன.

நடைப்பயிற்சியை விட வேண்டாம். காலணியை மாற்றியபின் சமதரையில், வலி கூடாத தூரம் வரை நடங்கள். ஏற்றமான பாதையையும் ஓட்டத்தையும் இப்போதைக்குத் தவிருங்கள். அன்றைய நடையின் வலி மறுநாள் காலையிலும் நீடித்தால் தூரத்தைக் குறைத்து, சில நாள்களுக்கு சைக்கிளுக்கோ நீச்சலுக்கோ மாறுங்கள். சைக்கிள் மிதிக்கும்போது விரல்நுனியால் அழுத்தாமல், பாதத்தின் நடுப்பகுதியை மிதியில் வைத்து அழுத்தினால் மூட்டு வளையாது.