பூவுக்கும் காய்க்கும் நடுவே: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பூசணிக் கொடி நிறையப் பூக்கிறது. சில பூக்களின் அடியில் பிஞ்சும் இருக்கிறது. ஆனால் நான்கே நாளில் மஞ்சளாகி வெம்பி உதிர்ந்துவிடுகிறது. என்ன உரம் போடலாம்?

பதில்: உரத்தை அப்புறம் பார்ப்போம். பெரும்பாலும் மகரந்தம் போய்ச் சேராததுதான் காரணம். பூசணியில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் தனித்தனியாக வரும். நீண்டு மெலிந்த காம்பில் நிற்பது ஆண். குட்டைக் காம்பில், இதழுக்குக் கீழே உருண்டையாக ஒன்றைத் தாங்கி நிற்பது பெண். அந்த உருண்டையைப் பார்த்துவிட்டுக் காய் பிடித்துவிட்டது என்று நினைக்கிறோம். அது இன்னும் கருவுறாத சூற்பை. மகரந்தம் கிடைக்காவிட்டால் கொடி அதைக் கழற்றிவிடும்.

பூசணி மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது. தேனீ வர வேண்டும், இல்லையென்றால் உங்கள் கை. மறுநாள் மலரப்போகும் மொட்டை முதல் நாள் மாலையே அடையாளம் காணலாம்: கூம்பியபடியே நுனியில் மஞ்சள் ஏறியிருக்கும். விடிந்ததும் 6 மணியிலிருந்து 9 மணிக்குள் வேலையை முடித்துவிடுங்கள். வெயில் ஏற ஏற மகரந்தத்தின் உயிர் போய்விடும், நண்பகலுக்குள் பூவே சுருங்கிவிடும். அன்று மலர்ந்த ஆண் பூவைக் காம்போடு பறித்து இதழ்களைக் கிழித்துவிடுங்கள். நடுவில் மஞ்சள் பொடி பூசிய தண்டு தெரியும். விரலில் பொடி ஒட்டினால்தான் அது பயன்படும். அதைப் பெண் பூவின் நடுவில் மகரந்தத்தை ஏற்கும் சூலகமுடியில், எல்லா மடல்களிலும் படும்படி மெதுவாகச் சுழற்றித் தேயுங்கள். ஒரு விதை உருவாக ஒரு மகரந்தத்தூள் தேவை. ஒரு காயிலோ நூற்றுக்கணக்கில் விதைகள். ஒரு மடலில் மட்டும் தடவினால் அந்தப் பக்கம் மட்டும் பருத்துக் காய் கோணிக்கொள்ளும். ஒரு பெண் பூவுக்கு இரண்டு ஆண் பூ என்று வைத்துக்கொண்டால் குறை வராது. மழையில் நனைந்த பூவை விட்டுவிடுங்கள், ஈரம் பட்ட மகரந்தம் வெடித்துவிடும்.

முதல் ஒன்றிரண்டு வாரம் ஆண் பூ மட்டுமே வந்தால் கவலை வேண்டாம், அது கொடியின் வழக்கம். அதன் பிறகும் பெண் பூ தலைகாட்டவில்லை என்றால் தழைச்சத்து அதிகமாகிவிட்டதா என்று பாருங்கள். இதே வேலையைப் பாகலுக்குக் காலையில் செய்யலாம். சுரையும் பீர்க்கும் மாலையில் மலர்பவை, புடலை பொழுது சாய்ந்த பிறகு. காலையில் போய்ப் பீர்க்கம்பூவைத் தேய்ப்பதில் பலனில்லை.

கேள்வி: சுரைக்கொடிக்குப் பக்கத்தில் பாகலைப் படரவிட்டேன். சுரைக்காய் கசக்கிறது. பாகல் மகரந்தம் பட்டதால்தானே?

பதில்: இல்லை. சுரையும் பாகலும் ஒரே குடும்பம் என்றாலும் வேறு வேறு பேரினங்கள். ஒன்றின் மகரந்தம் மற்றதில் கருவை உண்டாக்காது. ஒரு பேச்சுக்கு உண்டாக்கினாலும் நீங்கள் சாப்பிடும் சதை மாறாது. சதை என்பது சூற்பையின் சுவர், முழுக்க முழுக்கத் தாய்ச்செடியின் உடல். தந்தையின் பங்கு விதைக்குள்தான் இருக்கிறது.

கசப்புக்குக் காரணம் குக்கர்பிடாசின் என்ற பொருள். வறட்சியும் கடும் வெப்பமும் அதைக் கூட்டும். விதை எடுத்த தலைமுறையில் கசப்பு வகைச் சுரையோடு கலப்பு நடந்திருந்தால், அந்த விதையிலிருந்து வரும் கொடியில் எல்லாக் காயும் கசக்கும். அந்தக் கொடியைப் பிடுங்கிவிடுங்கள், விதையும் எடுக்க வேண்டாம். கசக்கும் சுரைக்காயைச் சமைக்கவோ சாறு பிழியவோ கூடாது. அது வெறும் சுவைக் கோளாறு அல்ல, கடும் வாந்தி வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும் நஞ்சு. வேகவைத்தாலும் போகாது.

கேள்வி: மக்காச்சோளக் கதிர் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது. அதோடு வெள்ளை மக்காச்சோளம் நட்ட இடத்தில் இடையிடையே மஞ்சள் மணிகள். மேலே தந்தையின் பங்கு வெளியே தெரியாது என்கிறீர்கள், இது எப்படி?

பதில்: கதிரின் நுனியில் தொங்கும் பட்டு நூல் ஒவ்வொன்றும் ஒரு பூவின் சூலகத்தண்டு. ஒரு நூல், ஒரு மணி. மகரந்தம் விழாத நூலின் அடியில் மணி இல்லை, அவ்வளவுதான். கதிரின் அடிப்பகுதி நூல்கள் முதலில் வெளிவரும், நுனியுடையவை கடைசியில். அதற்குள் உச்சியிலுள்ள ஆண் பூங்கொத்து பொடியைக் கொட்டி முடித்திருந்தால் நுனி மொட்டையாகும். பூக்கும் சமயத்தில் தண்ணீர் குறைந்தால் நூல் வருவது இன்னும் தாமதமாகும். ஒரே நீள வரிசையாக நடாமல் குறைந்தது நான்கு வரிசையாகச் சதுரத்தில் நடுங்கள். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் பொடி செடிகள்மேல்தான் விழும். சேர்க்கை நடந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. நூல் வந்து சில நாள் கழித்து ஒரு கதிரின் உறையை நீளவாக்கில் கீறி, நூல்கள் அறாமல் பிரித்துவிட்டு, கதிரை மெதுவாக உதறுங்கள். கருவுற்ற நூல்கள் உதிரும், கருவுறாதவை ஒட்டிக்கொண்டே இருக்கும்.

நிறத்துக்கு வருவோம். சோள மணியில் நாம் பார்க்கும் மஞ்சள், தோலுக்கு உள்ளே கருவுக்கு உணவாக இருக்கும் கருவூண் திசுவின் நிறம். பூக்கும் தாவரங்களில் மகரந்தக்குழாய் இரண்டு ஆண் செல்களைக் கொண்டுவருகிறது. ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. மற்றது நடுவிலுள்ள இரண்டு துருவ உட்கருக்களோடு சேர்ந்து கருவூண் திசுவாகிறது. 1898-இல் ரஷ்யத் தாவரவியலாளர் நவாஷின் லில்லி வகைப் பூக்களில் கண்ட ‘இரட்டைக் கருவுறுதல்’ இதுதான். சோளத்தின் கருவூண் திசுவில் தாயின் பங்கு இரண்டு, தந்தையின் பங்கு ஒன்று. அந்த ஒரு பங்கே வெள்ளையை மஞ்சளாக்கப் போதும், அதே பருவத்திலேயே. சுரையில் நாம் சாப்பிடுவது தாயின் சுவரை, சோளத்தில் விதையையே. இனிப்பு மக்காச்சோளத்தின் பக்கத்தில் தீவன மக்காச்சோளம் பூத்தால் இனிப்பு கெடுவதும் இதனால்தான்.

கேள்வி: தேங்காயில் கரு எங்கே இருக்கிறது? இளநீரா, பருப்பா?

பதில்: இரண்டும் இல்லை. இரண்டுமே கருவூண் திசு. இளநீர் என்பது செல் சுவர் எழும்பாமல் உட்கருக்கள் மட்டும் மிதக்கும் நிலை. மூன்று கண்களில் மிருதுவான ஒன்றுக்கு நேர் கீழே பருப்பைப் பிளந்து பாருங்கள். சிறு ஆணித் துண்டு போல ஒன்று பதிந்திருக்கும். கரு அதுதான்.

கேள்வி: பப்பாளிக் கன்று ஆணா பெண்ணா என்று நடும்போதே தெரியுமா? தண்ணீரில் மூழ்கும் விதை பெண் என்கிறார்களே?

பதில்: மூழ்கினால் விதை திரண்டிருக்கிறது என்று பொருள், பாலினம் தெரியாது. கண்ணால் சொல்ல வேண்டுமானால் பூக்கும்வரை பொறுக்கத்தான் வேண்டும். கிளைத்துத் தொங்கும் நீளக் கொத்தில் மெல்லிய குழல் பூக்கள் என்றால் ஆண். தண்டையொட்டி, மகரந்தத்தாள் (மகரந்தம் தரும் உறுப்பு) இல்லாத தடித்த பூ என்றால் பெண். நீண்ட சூற்பையும் மகரந்தத்தாளும் சேர்ந்திருந்தால் இருபால். இருபால் மரத்தைத் தன் மகரந்தத்தாலேயே கருவுறச் செய்து எடுத்த விதையில் இரண்டு பங்கு இருபால், ஒரு பங்கு பெண் வரும், ஆண் வராது. அதனால் விதை எங்கிருந்து வந்தது என்று கேட்பதே புத்திசாலித்தனம். வகை தெரியாவிட்டால் குழிக்கு மூன்று கன்று வைத்து, பூத்த பிறகு ஒன்றை நிறுத்துங்கள். ஆண், பெண் தனித்தனியாக வரும் வகையில் எல்லா ஆணையும் வெட்டிவிடாதீர்கள், ஏறக்குறைய இருபது பெண்ணுக்கு ஒன்றாவது வேண்டும்.

கேள்வி: அடுக்குச் செம்பருத்தி ஏன் காய்ப்பதில்லை?

பதில்: அந்த அடுக்கு இதழ்களில் பல, மகரந்தத்தாளாக வேண்டியவை. அதனால் மகரந்தம் குறைவு. புதுச் செடி வேண்டுமானால் பதியன் போடுங்கள் அல்லது குச்சி நடுங்கள்.

கேள்வி: மகரந்தக்குழாய் வளர்வதைப் பள்ளி நுண்ணோக்கியில் பார்க்க முடியுமா? நாங்கள் செம்பருத்தியில் முயன்று தோற்றோம்.

பதில்: செம்பருத்தி இதற்குச் சரிப்படாது. காசித்தும்பை அல்லது நித்தியகல்யாணியை எடுங்கள். 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் 10 கிராம் சர்க்கரை, 10 மில்லிகிராம் போரிக் அமிலம், 30 மில்லிகிராம் கால்சியம் நைட்ரேட் கரையுங்கள். சர்க்கரை மட்டும் இருந்தாலும் ஓரளவு நடக்கும். ஒரு சொட்டைக் கண்ணாடி வில்லையில் விட்டு, அன்று மலர்ந்த பூவின் மகரந்தப்பையை ஊசியால் தட்டிக் கொஞ்சமாகத் தூவுங்கள். மேல் வில்லை போடாதீர்கள். ஈரப் பஞ்சு வைத்த மூடிய தட்டுக்குள் வைத்தால் சொட்டு காயாது. 15 முதல் 30 நிமிடத்தில் குறைந்த உருப்பெருக்கத்தில் பாருங்கள், தூளின் ஓரத்தில் ஒளி ஊடுருவும் சிறு விரல் ஒன்று நீண்டிருக்கும். தூள்கள் வெடித்துச் சிதறியிருந்தால் கரைசல் நீர்த்துப்போய்விட்டது, சுருங்கிக் கிடந்தால் சர்க்கரை அதிகம். எதுவுமே நடக்காவிட்டால் பூ பழையது. நாளைக் காலை புதுப் பூவோடு தொடங்குங்கள்.