உங்கள் லைனில் எத்தனை தாய்மொழிகள்?

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். என் லைனில் பாதிக்கு மேல் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். வேலை வாங்குவதற்காக இந்தி பேசக் கற்றுக்கொண்டேன். என் அப்பா 1965இல் கல்லூரி மாணவராக இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை சென்றவர். வீட்டில் நான் போனில் இந்தி பேசினால் எழுந்து வெளியே போய்விடுகிறார். நான் செய்வது தவறா? இந்தி சரளமாக வர எந்தப் புத்தகம் படிக்கலாம்? இன்னொரு சிரமமும் உண்டு. இந்த இந்திக்காரர்கள் தங்களுக்குள் பேசுவது ஒரே கொச்சையாக இருக்கிறது. ஒரு வார்த்தையும் பிடிபடுவதில்லை. ஒழுங்கான இந்தியில் பேசும்படி பலமுறை கண்டித்துவிட்டேன்.

ஒரு வாசகர், திருப்பூர்

அன்புள்ள தம்பி,

தவறில்லை. கூட வேலை செய்கிறவரிடம் அவருக்குப் புரிகிற மொழியில் பேச யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 1965 ஜனவரி 26 முதல் இந்தி மட்டுமே மத்திய அரசின் ஆட்சிமொழி என்று வரவிருந்த ஏற்பாட்டைத்தான் உங்கள் அப்பா எதிர்த்தார். பிழைப்புக்காக ஒருவர் இன்னொரு மொழி கற்பது வேறு விஷயம். இதை அவர் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே பேசுங்கள். சிறைக்குப் போன மனிதர், மகன் சொன்னால் கேட்பார். புத்தகம் பற்றிய கேள்வியை விட்டுவிடுகிறேன். வேலையிடத்தில் காதால் கற்ற மொழிக்கு அது அவசரமில்லை.

என்னை எழுத உட்காரவைத்தவை உங்கள் கடைசி வரிகள். கொஞ்ச நாட்களாக 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மொழி அட்டவணைகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கோபம் ஆறுவதற்குள் உங்கள் கடிதம் வந்தது. கடுமையாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் பேசுவது கொச்சை இந்தி இல்லை. பெரும்பாலும் அது இந்தியே இல்லை. பீகாரில் ஆரா, சப்ரா, சிவான் பக்கத்துப் பையன் என்றால் போஜ்புரி. கயா, நாளந்தா பக்கம் மகஹி. தர்பங்கா, மதுபனி என்றால் மைதிலி. ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவின் வடக்கிலிருந்தும் வந்த பெண்களில் சிலர் சந்தாலி பேசக்கூடும். அது முண்டா குடும்பத்து மொழி, இந்திக்கு எந்த உறவும் இல்லை. ஓல் சிக்கி என்று தனி எழுத்தும் அதற்கு உண்டு. இத்தனை பேரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டு, உள்ளிருந்து வருகிற குரல் புரியவில்லை என்று கண்டித்திருக்கிறீர்கள்.

நீங்கள் மட்டுமா? அரசாங்கமே அப்படித்தான் கட்டிவைத்திருக்கிறது. இந்தியர்களில் 43 சதவீதம் பேருக்கு இந்தி தாய்மொழி என்று மேடைதோறும் சொல்கிறார்களே, அந்த 52.8 கோடியைப் பிரித்துப் பாருங்கள். தாய்மொழி இந்தி என்ற கணக்கில் நேராக வருபவர்கள் 32.2 கோடிதான். மிச்சமுள்ள 20 கோடிக்கு மேற்பட்டவர்கள் வேறு மொழிகளுக்குரியவர்கள். போஜ்புரி 5 கோடிக்கு மேல், ராஜஸ்தானி இரண்டரைக் கோடி, சத்தீஸ்கரி 1.6 கோடி, மகஹி 1.27 கோடி. இப்படி ஐம்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள். கணக்கெடுக்க வந்தவரிடம் வாய் திறந்து தன் மொழியின் பெயரைச் சொன்னவரையும், அட்டவணை போடுகிற இடத்தில் இந்திக்குக் கீழே எழுதிவிட்டார்கள்.

போஜ்புரி பேசுகிறவர்கள் கன்னடம் பேசுகிறவர்களைவிட அதிகம், மலையாளம் பேசுகிறவர்களைவிடவும் அதிகம். அங்கீகரிக்கப்பட்ட மொழிகளைப் பட்டியலிடும் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் அதற்கு இடமில்லை. அதே கணக்கெடுப்பில் 24,821 பேர் தாய்மொழி என்று சொன்ன சமஸ்கிருதத்துக்கு இடம் இருக்கிறது. மைதிலியும் முன்பு இந்தியின் கணக்கில்தான் கிடந்தது. 2003இல் சந்தாலி, போடோ, டோக்ரியோடு அட்டவணையில் ஏறியது. 2011இல் 1.36 கோடிப் பேரோடு தனி மொழியாக நிற்கிறது. ஒரு சட்டத்திருத்தம் வந்ததும் தனி மொழி ஆகிவிட முடியும் என்றால், அதற்கு முந்தின நாள் வரை அது யாருடைய கொச்சையாக இருந்தது? மொழியியல் கணக்கெடுப்பு நடத்திய கிரியர்சன், போஜ்புரி, மகஹி, மைதிலி மூன்றையும் 'பீகாரி' என்று தனியாகத்தான் வகைப்படுத்தினார். நூறு ஆண்டுக்கு முன்பே அச்சில் வந்த சங்கதி இது.

வங்கி வேலையில் இருந்தபோது போஜ்பூர் மாவட்டத்துச் சிறுநகரம் ஒன்றுக்கு என்னை மாற்றினார்கள். முதியோர் ஓய்வூதியம் வாங்க ஒரு பாட்டி வருவார். பாஸ்புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, அந்த உறையைச் சேலை முந்தானையில் முடிந்திருப்பார். முடிச்சை அவிழ்க்கவே நேரமாகும். ஒருநாள் "ஹமார் பைசா ஆஇல் பா?" என்று கேட்டார். என் பணம் வந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. எனக்கே புரிந்தது. பக்கத்து மேசையிலிருந்த அதிகாரி, சரியாகப் பேசு, இந்தியில் பேசு என்று சத்தம் போட்டார். பாட்டி பேச்சை நிறுத்திவிட்டார். அதன் பிறகு வந்த மாதங்களில் பாஸ்புத்தகத்தை நீட்டுவதோடு சரி, வாயே திறக்கவில்லை. பணம் குறைந்திருந்தாலும் கேட்டிருக்கமாட்டார். அந்த அதிகாரி வெளியூர்க்காரர் இல்லை. சாயங்காலம் அவருடைய அம்மா போனில் கூப்பிட்டால் அதே மொழியில்தான் குழைந்து குழைந்து பேசுவார். தன் அம்மாவின் மொழி கவுண்ட்டருக்கு லாயக்கில்லை என்று அவருக்குப் பள்ளிக்கூடம் கற்றுக்கொடுத்திருந்தது. தமிழ்நாட்டுக்காரனாக எனக்கு வயிறு எரிந்தது. இந்தி எங்கள் வாசலுக்கு வந்தபோது நாங்கள் தெருவில் இறங்கினோம். அங்கே அது வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

உங்கள் லைனில் நிற்கிற பையன்களுக்கு மொழி மட்டுமில்லை, கலையும் இருக்கிறது. சப்ரா பக்கத்துப் பிக்காரி தாக்கூர் (1887–1971) பற்றி அவர்களிடம் கேளுங்கள். நாவிதர் குலத்தில் பிறந்தவர். முறையான படிப்பு இல்லாமல், குழு சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போஜ்புரியில் நாடகம் போட்டவர். வேலை தேடிக் கல்கத்தாவுக்குப் போன கணவன், ஊரில் காத்திருக்கும் மனைவி, இதுதான் அவருடைய பெரிய கதைப்பொருள். இன்று அந்தக் கல்கத்தா திருப்பூர் ஆகியிருக்கிறது. ஓவர்லாக் மெஷின் முன்னால் முணுமுணுக்கிற பாட்டைக் கொச்சை என்று நிறுத்திவிட்டால், என்ன பாட்டு என்றே உங்களுக்குத் தெரியாமல் போகும்.

நம் பக்கமும் சுத்தமில்லை, தம்பி. தமிழ் பேசுகிறவர்கள் என்று நாம் பெருமையாகச் சொல்லும் 6.9 கோடியில் இருளர் மொழியையும் எருகலா மொழியையும் சேர்த்துத்தான் எண்ணியிருக்கிறார்கள். நீலகிரியில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பேசும் படுகு மொழியைக் கன்னடத்துக்குள் போட்டிருக்கிறார்கள். போஜ்புரியை இந்தி விழுங்கியதற்குப் பதறுகிற நாம், இருளக் குழந்தை முதல் வகுப்பில் வாய் மூடி உட்கார்ந்திருப்பதற்கும் பதற வேண்டும். கூடுமானவரை குழந்தையின் தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அது இருளக் குழந்தைக்கும் சேர்த்துத்தான்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027இல் வருகிறது. அப்போதாவது அவர்கள் தங்கள் மொழியின் பெயரைக் கூசாமல் சொல்ல வேண்டும். அதற்குள் ஒவ்வொருவரிடமும் வீட்டில் அம்மாவோடு எந்த மொழியில் பேசுவீர்கள் என்று கேளுங்கள். சிலர் வெட்கப்பட்டு இந்தி என்றே சொல்வார்கள். விடாதீர்கள், இன்னொரு முறை கேளுங்கள். யார் என்ன மொழி என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். தீ விபத்துப் பயிற்சி நடக்கும் நாளில் அந்த நோட்டு கையில் இருக்க வேண்டும். எந்த வாசல் வழியாக ஓடுவது என்று இந்தியில் சொல்லி முடித்ததும் எல்லோரும் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலை நம்பாதீர்கள். ஹாஸ்டலில் இந்தியும் சந்தாலியும் தெரிந்த பெண் ஒருத்தி இருந்தால், அவளை முன்னால் நிறுத்தி, மற்றப் பெண்களுக்கு அவர்கள் மொழியில் மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொல்லுங்கள்.