சொல் கேளுங்கள்: 'அபார்ட்டிவ்'

கேள்வி: வேலூர் சிப்பாய்க் கிளர்ச்சியை ஓர் ஆங்கில நூல் 'அபார்ட்டிவ் மியூட்டினி' என்கிறது. 'தோல்வியுற்ற' என்பதுதானா பொருள்? (காட்பாடி வாசகி)

பதில்: தோல்வி என்பது அதன் ஒரு பகுதிதான். 'தோன்று, எழு' எனப் பொருள்படும் இலத்தீன் வினையின் முன் விலகலைக் குறிக்கும் முன்னொட்டுச் சேர்ந்து, கருச்சிதைவைக் குறிக்கும் சொல்லாகி, அதிலிருந்தே இப்பெயரடை பிறந்தது. ஆகவே, தொடங்கியும் முழு உருவம் பெறாமல் நின்றுபோன முயற்சிக்கே அது பொருந்தும். பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டுபவர், நீர் சுரக்குமுன் பாறை தட்டியதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டால், அது 'அபார்ட்டிவ்' முயற்சி; ஆழத் தோண்டி முடித்தும் நீர் இல்லையென்றால் வெறும் 'அன்சக்சஸ்ஃபுல்'. முயற்சி, பேச்சுவார்த்தை, ஆட்சிக் கவிழ்ப்பு போன்றவற்றுக்கு வரும் இச்சொல்லை ஆளுக்கு அடைமொழியாக்குவதில்லை. தாவரவியலார் வளர்ச்சி நின்ற விதையையும் இப்படியே குறிப்பர். ஆரணிப் பக்கத்து உழவர் தூற்றி ஒதுக்கும் பதர் அதற்கு நெருங்கிய உறவு.

இனி, அந்நூலின் சொற்றேர்வு. 1806 ஜூலை 10 விடியுமுன் எழுந்த சிப்பாய்கள் கோட்டையைக் கைப்பற்றித் திப்புவின் கொடியையும் ஏற்றினர். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயப் படை அதிகாரி கில்லெஸ்பியின் குதிரைப்படை விரைந்து வந்து அன்றே அடக்கியது. ஒரே நாளில் முடிந்ததால் ஆங்கிலேயர் நோக்கில் அச்சொல் பொருந்தலாம். கொடி ஏறிவிட்ட எழுச்சியைக் 'கருவிலேயே கலைந்தது' என்று தமிழாக்க எனக்கு மனம் வராது. 'நிலைபெறாத கிளர்ச்சி' என்றே எழுதுவேன்.