800 வாட் மைக்ரோவேவ் 1000 வாட் இன்வேட்டரில் ஓடுமா?

யாழ்ப்பாணத்தில் கரண்ட் போகும் நேரத்தில் மத்தியானச் சோறு, கறி சூடாக்கத்தான் கேட்கிறீர்கள். 1000 வாட் இன்வேட்டரில் ஓடாது.

முன்பக்கம் எழுதியிருக்கும் 800 வாட் சாப்பாட்டுக்குள் போகும் சூடு. மெஷின் இழுப்பது ஏறத்தாழ 1200, 1300 வாட். பின்பக்கத்து லேபிளைப் பாருங்கள், அங்கேதான் உண்மைக் கணக்கு இருக்கும். தொடங்கும்போது இன்னும் கூட இழுக்கும். ஆகவே 2000 வாட் இன்வேட்டர் வேண்டும், அதுவும் ப்யூர் சைன் வேவ், அதாவது வீட்டு மின்சாரம்போலச் சீரான அலையாகக் கொடுக்கும் வகை. அலை படிபடியாக வெட்டுப்பட்டு வரும் மலிவான மாடிஃபைட் வகையில் மைக்ரோவேவ் இரையும், சூடும் குறையும். பவரைக் குறைத்து வைத்தாலும் பயனில்லை. பழைய வகை மெஷின்கள் முழு பவரில் விட்டு விட்டு ஓடும், அவ்வளவுதான்.

அப்புறம் பற்றரி. 12 வோல்ட்டில் இந்தச் சுமைக்கு 120 ஆம்பியர் வரை ஓடும். 100 ஆம்பியர் மணி லெட் ஆசிட் பற்றரி ஐந்து நிமிடம் தாங்கும், ஆனால் வோல்டேஜ் சட்டென்று இறங்கி அலாரம் அடிக்கும். அடிக்கடி செய்தால் பற்றரி ஆயுள் போய்விடும். இரண்டு பற்றரியைத் தொடராக இணைத்து 24 வோல்ட் இன்வேட்டர் போட்டால் ஓடும் ஆம்பியர் பாதியாகும்.

தயவுசெய்து வயரில் மிச்சம் பிடிக்காதீர்கள். 12 வோல்ட்டென்றால் குறைந்தது 35 சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டுள்ள வயர், நீளம் குறைவாக. பற்றரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். முனை இறுகாவிட்டால் அந்த இடம்தான் முதலில் உருகும்.

சோறு சூடாக்க மட்டும் என்றால், காஸ் அடுப்பே போதும்.