மகள் சோஷியாலஜி எடுக்கிறேன் என்கிறாள், சம்மதிக்கலாமா?

வணக்கம் அம்மா. பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிய பெண் இன்ஜினியரிங் வேண்டாம், பி.ஏ. சோஷியாலஜி, அதாவது சமூகவியல்தான் என்று ஒரே பிடியாக நிற்கிறாள், அவளுக்கும் அப்பாவுக்கும் ஒரு வாரமாகப் பேச்சே இல்லை, நடுவில் நான் கிடந்து தவிக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். கூடவே மூன்று கேள்வி கேட்டிருந்தீர்கள்: அதில் அப்படி என்னதான் சொல்லித் தருவார்கள், படித்தால் வேலை கிடைக்குமா, சொந்தக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது. என்னிடம் வரும் பெற்றோரில் பெரும்பாலானவர்கள் இரண்டாவது கேள்வியோடு நிறுத்திக்கொள்வார்கள். நீங்கள் முதல் கேள்வியைக் கேட்டதே எனக்குப் பெரிய நிம்மதி, ஏனென்றால் அதற்குப் பதில் தெரியாமல் வேலையைப் பற்றிப் பேசினால் அது வெறும் ஆறுதலாகத்தான் இருக்கும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன், கொஞ்சம் நீளும்.

பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி பஸ்ஸில் காலை ஒன்பது மணிக்கு ஏறியிருப்பீர்கள். கண்டக்டர் பின்னால் தன் சீட்டில் உட்கார்ந்திருப்பார். முன்பக்கம் ஏறியவர் ஐம்பது ரூபாயை நீட்டி "ஒரு அடையாறு பாஸ் பண்ணுங்க" என்பார். அந்த நோட்டு ஏழெட்டுக் கை மாறிப் போகும், டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே கைகள் வழியாகத் திரும்பி வரும். கொடுத்தவருக்கு அந்தக் கைகளில் ஒன்றுகூடத் தெரிந்த கை இல்லை. இதற்கு ஒரு சட்டமும் கிடையாது, பாஸ் பண்ண மாட்டேன் என்று சொன்னால் யாரும் வழக்குப் போட முடியாது, ஆனாலும் யாரும் மறுப்பதில்லை, நடுவில் நோட்டை மடக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வதும் இல்லை. இது எப்படி நடக்கிறது? சோஷியாலஜி முதல் வருடத்தில் வரும் பெரிய கேள்வி இதுதான். ஒருவரையொருவர் அறியாத லட்சக்கணக்கான மனிதர்கள் சேர்ந்து வாழும்போது, எது சரி, எது கூடாது என்று எழுதிவைக்காத ஒரு ஒப்பந்தம் எல்லோருக்குள்ளும் இருக்கிறது. அதைத்தான் சமூக நெறிகள் என்கிறார்கள்.

இப்போது அண்ணா சாலையில் ஹெல்மெட்டைப் பாருங்கள். சட்டம் இருக்கிறது, அபராதம் இருக்கிறது, ஆனாலும் எத்தனையோ பேர் ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போய், போலீஸ் நிற்கும் சிக்னலுக்கு நூறடி முன்னால் தலையில் போடுகிறார்கள். பஸ்ஸில் போலீஸே இல்லாமல் நெறி நடக்கிறது, சாலையில் போலீஸ் நின்றும் சட்டம் பாதிதான் நடக்கிறது. ஏன் என்று உங்கள் மகள் கேட்டால் அவள் சரியான வகுப்பில்தான் உட்காரப் போகிறாள். வில்லியம் கிரஹாம் சம்னர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1906இல் இவற்றைப் பிரித்துக் காட்டினார். சில வழக்கங்களை மீறினால் முகம் சுளிப்பார்கள், அவ்வளவுதான். செருப்போடு ஒருவர் வீட்டுக் கூடத்துக்குள் நுழைவதைப் போல. இவை ஃபோக்வேஸ். வேறு சிலவற்றை மீறினால் ஊரே கொதிக்கும். பெற்ற தாயைத் தெருவில் விட்டுவிட்டுப் போனவனைப் பற்றி நாம் பேசுகிற பேச்சை நினைத்துப் பாருங்கள். இவை மோரேஸ். சட்டம் இவற்றோடு ஒட்டிப் போகிறபோது எளிதாக நடக்கிறது, ஒட்டாதபோது போலீஸைக் கண்ட பிறகுதான் நடக்கிறது. இதற்குப் பதினோரு வருடம் முன்பே, 1895இல், பிரான்ஸில் எமில் துர்கைம் என்ற சமூகவியலாளர் இன்னொன்றைச் சொன்னார்: இந்த நெறிகள் நாம் பிறக்கும் முன்பே வெளியே இருக்கின்றன, நம்மை நெருக்குகின்றன, ஆகவே இவற்றையும் உண்மையான பொருள்களைப் போல எடுத்துவைத்து ஆராயலாம். சமூகவியல் தனிப் படிப்பாக நிலைத்ததில் அந்த எண்ணத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

நெருக்குகின்றன என்றால் அது கண்ணுக்கே தெரியாதே என்று உங்களுக்குத் தோன்றலாம். ஹெரால்ட் கார்ஃபிங்கெல் என்ற பேராசிரியர் தன் மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார்: உங்கள் சொந்த வீட்டில் பதினைந்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை, அங்கே வாடகைக்குத் தங்கியிருப்பவர் போல மரியாதையாக நடந்துகொள்ளுங்கள். அவ்வளவுதான் வேலை. வீட்டார் பதறிப்போனார்கள், சிலருக்குக் கோபம் வந்தது, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். 1967இல் வந்த அவருடைய புத்தகத்தில் இது இருக்கிறது. உங்கள் மகள் நாளைக் காலை சமையலறை வாசலில் நின்று, "மேடம், எனக்குக் கொஞ்சம் காபி கிடைக்குமா, சிரமம் இல்லையென்றால்" என்று கேட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அவள் ஒரு தப்பான வார்த்தையும் பேசவில்லை, ஆனால் வயிற்றைப் பிசையும். அந்தப் பிசைவுதான் நெறி இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி, மீறும்போதுதான் அது வெளியே தெரிகிறது.

நெறிகள் மாறுமா என்பது அடுத்த கேள்வி, இதில் நம் ஊரில் கிடைக்கிற பாடம் வேறு எங்கும் அவ்வளவு எளிதில் கிடைக்காது என்று நினைக்கிறேன். கல்லூரி விண்ணப்பங்களை ஆன்லைனில் நிரப்பும்போது சில படிவங்களில் 'சர்நேம்' என்று ஒரு கட்டம் வரும், நம் பிள்ளைகள் அங்கே வந்து நிற்பார்கள். அப்பா பெயரைப் போடுவதா, இனிஷியலைப் போடுவதா என்று என் மேஜையில் ஒவ்வொரு மே மாதமும் இந்தக் குழப்பம் வரும். நாட்டின் பல மாநிலங்களில் அந்தக் கட்டத்தில் சாதிப் பெயரோ குடும்பப் பெயரோ தயாராக இருக்கிறது, நம்மிடம் இல்லை. ஏன் இல்லை? 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அப்படிப் போடக்கூடாது என்று சட்டம் எதுவும் வரவில்லை. ஆனாலும் இரண்டு மூன்று தலைமுறைக்குள் சாதியோடு பெயர் சொல்லிக்கொள்வது பொது இடத்தில் கூச்சப்பட வேண்டிய விஷயமாக மாறியது. நெறி முதலில் மாறியது, அரசாணை தேவைப்படவில்லை. அதே இயக்கத்தின் இன்னொரு பக்கத்தில் கதை வேறு: புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணங்கள் பல வருடங்களாக நடந்துகொண்டிருந்தன, ஆனால் சொத்து, வாரிசு என்று வரும்போது கோர்ட்டில் நிற்கவில்லை, 1967இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டத் திருத்தம் வந்து பழைய திருமணங்களுக்கும் சேர்த்து அங்கீகாரம் கொடுத்த பிறகுதான் அந்தக் குடும்பங்கள் மூச்சுவிட்டன. எங்கே நெறி போதும், எங்கே சட்டமும் வேண்டும் என்று இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு மாணவி யோசித்தால், அதுவே நல்ல கட்டுரை.

ஆனால் பண்பாடு என்றால் எல்லாம் அழகு என்று கல்லூரியில் சொல்லித் தரமாட்டார்கள், சொல்லவும் கூடாது. பெயரிலிருந்து சாதி போய்விட்ட இதே சென்னையில் வீடு வாடகைக்குக் கேட்டுப் போங்கள். "நீங்க என்ன ஆளுங்க?" என்று நேராகக் கேட்க மாட்டார்கள்; சொந்த ஊர் எது, எந்தப் பக்கம், என்ன சாப்பிடுவீர்கள் என்று சுற்றிவளைத்து அங்கேதான் வருவார்கள். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது, வாடகை வீட்டு வாசலில் நெறி அதற்கு முந்திய காலத்திலேயே நிற்கிறது. ஆந்த்ரே பெத்தேல் என்ற சமூகவியலாளர் தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தங்கி, நிலம், அதிகாரம், சாதி மூன்றும் முன்பு ஒரே கையில் இருந்ததையும் பிறகு மெல்லப் பிரிந்ததையும் 1965இல் புத்தகமாக எழுதினார். பி.ஏ. படிக்கும் நம் பிள்ளைகள் இதைப் படிக்கும்போது அது அவர்களுடைய தாத்தா ஊராகவும் இருக்கும். சில பிள்ளைகளுக்கு வலிக்கும். வலித்தாலும் படிக்கட்டும்.

சரி, மூன்றாவது கேள்வி, சொந்தக்காரர்கள். நீங்கள் பயப்படுவதில் தப்பே இல்லை, நாலு பேர் பேச்சு என்பது மேலே சொன்ன அதே நெருக்கடிதான், கல்யாண வீட்டுப் பந்தியில் "பொண்ணு என்ன படிக்குது?" என்ற ஒரு கேள்வியாக வரும். ஆனால் 'நல்ல மார்க் என்றால் இன்ஜினியரிங்' என்ற நெறிக்கு வயது அதிகம் இல்லை. 1980களின் நடுவில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்த பிறகுதான் நடுத்தரக் குடும்பத்துக்கு அந்தக் கதவே பெரிதாகத் திறந்தது, அடுத்து ஐ.டி. வேலைகள் வந்து அதைக் கெட்டிப்படுத்தின. அந்தத் தலைமுறைக்கு அது சரியான முடிவு, உங்கள் கணவர் அப்படி மேலே வந்தவராக இருந்தால் அவருடைய பயத்துக்கு மரியாதை கொடுக்க வேண்டும். வில்லியம் ஆக்பர்ன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1922இல் எழுதினார், தொழில்நுட்பமும் பொருளாதாரமும் முன்னே ஓடும், மக்களின் எண்ணமும் வழக்கமும் பின்னால்தான் வந்து சேரும் என்று. வேலைச் சந்தை மாறிவிட்டது, பந்திப் பேச்சு இன்னும் மாறவில்லை. மகள் நாலு வருடம் பிடிக்காத ஒன்றைப் படித்து அரியர் வைத்தால், அந்த நாலு பேரில் யாரும் ஃபீஸ் கட்ட வரப்போவதில்லை.

இப்போது வேலை. ஒளிக்காமல் சொல்கிறேன்: வெறும் பி.ஏ. சோஷியாலஜியோடு நிறுத்தினால் முதல் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், இதை ஐந்து வருடத் திட்டமாகப் பாருங்கள், மூன்று வருடம் பி.ஏ., அப்புறம் இரண்டு வருடம் முதுநிலை. பள்ளி ஆசிரியை ஆவதுதான் அவள் ஆசை என்றால் இது நேர்வழி இல்லை, வரலாறோ ஆங்கிலமோ எடுக்கட்டும். சிவில் சர்வீஸ் ஆசை இருந்தால் யு.பி.எஸ்.சி. மெயின்ஸில் சோஷியாலஜி ஒரு விருப்பப் பாடம், இரண்டு தாள், மொத்தம் 500 மதிப்பெண், தமிழிலும் எழுதலாம். ஆனால் அதை மட்டுமே நம்பி பி.ஏ.வில் சேர்க்காதீர்கள், அந்தத் தேர்வு யாருக்கும் உத்தரவாதம் தராது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2, வங்கித் தேர்வுகளில் பல பதவிகளுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும், அந்தக் கதவு எல்லோருக்கும் போல இவளுக்கும் திறந்தே இருக்கும்.

இந்தப் படிப்புக்கே உரிய வேலைகள் வேறு. 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணம் எந்தப் பகுதிக்குப் போக வேண்டும், போய் ஏதாவது மாறியதா என்று பார்க்க ஆள் வேண்டும். அதே ஆண்டில் வந்த நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில் சமூகத் தாக்க மதிப்பீடு என்று ஒன்று இருக்கிறது, ஒரு திட்டத்துக்காக வீட்டையும் நிலத்தையும் இழப்பவர்களிடம் உட்கார்ந்து பேசி எழுதும் வேலை. நிறையப் பேர் வேலை செய்யும் பெரிய தொழிற்சாலையில் நல அலுவலர் கட்டாயம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் நமக்கு அப்படிப்பட்ட ஆலைகள் நிறைய, இதற்கு பி.ஏ. மட்டும் போதாது, சமூகப்பணியோ தொழிலாளர் நலமோ படித்த மேல்தகுதி வேண்டும். மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகப் பணியாளர்கள் இருக்கிறார்கள். ஓ.எம்.ஆர். பக்கம் ஆப் தயாரிக்கும் கம்பெனிகளிலும், மார்க்கெட் ரிசர்ச் நிறுவனங்களிலும், மனிதர்கள் ஒரு பொருளை ஏன் அப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று நேரில் போய்க் கவனித்து எழுதுகிறவர்களைத் தேடுகிறார்கள். பஸ்ஸில் நோட்டு கைமாறுவதைக் கவனித்து ஏன் என்று கேட்கத் தெரிந்த பிள்ளை இந்த வேலைக்குப் பொருந்துவாள். கல்லூரியில் பாடம் எடுக்க ஆசை என்றால் எம்.ஏ.வில் 55 சதவீதம், பிறகு கல்லூரி ஆசிரியர்களுக்கான தகுதித் தேர்வான நெட் அல்லது செட்.

ஒரு எச்சரிக்கை. சோஷியாலஜி என்றால் கணக்கே வராது என்று நினைத்து ஓடிவரும் பிள்ளைகள் ஆராய்ச்சி முறைகள், புள்ளியியல் தாள்களில் திணறுவார்கள். உங்கள் மகளிடம் மூன்று வருடத்துக்குள் எக்செல், ஒரு புள்ளியியல் மென்பொருள், தமிழிலும் ஆங்கிலத்திலும் தெளிவாக ஒரு பக்கம் எழுதுவது, இந்த மூன்றையும் பழகிவிடச் சொல்லுங்கள். நேர்காணலில் கையில் காட்ட ஏதாவது இருக்க வேண்டும், சொந்தத் தெருவில் வீடு வீடாகப் போய்ச் செய்த சிறிய கணக்கெடுப்பு ஒன்று இருந்தால்கூடப் போதும்.

சென்னையில் பி.ஏ.வுக்கு ஸ்டெல்லா மாரிஸ், லயோலா இருக்கின்றன. மேலே படிக்க சென்னைப் பல்கலைக்கழகத்தின் சமூகவியல் துறை, சமூகப்பணிக்கு 1952இல் தொடங்கிய, எழும்பூரில் இருக்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க். ஆராய்ச்சி வரை போகிற ஆசை இருந்தால் அடையாறில் எம்.ஐ.டி.எஸ். என்ற வளர்ச்சி ஆய்வு நிறுவனம் இருக்கிறது. டெல்லி, ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், அதற்கு விண்ணப்பிக்கும் கடைசித் தேதி நம் ரிசல்ட் வருவதற்குள் போய்விடும், ஆகவே அது முதுநிலைக்கான யோசனையாக இருக்கட்டும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும், கல்லூரி அலுவலகத்தில் சேரும்போதே கேட்டு வாங்குங்கள்.

முடிவெடுக்கும் முன்பு ஒன்று செய்யுங்கள். என்.சி.இ.ஆர்.டி. பதினொன்றாம் வகுப்பு சோஷியாலஜிப் புத்தகம் அவர்கள் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் பண்பாடும் சமூகமயமாதலும் பற்றிய நாலாவது பாடத்தை மகள் படிக்கட்டும், படித்துவிட்டு அப்பாவிடம் தமிழில் அரை மணி நேரம் விளக்கட்டும். அவர் கேட்கிற குறுக்குக் கேள்விகளுக்கு அவளுக்குப் பதில் தேடத் தோன்றினால் தாராளமாகச் சேருங்கள். ஐந்தாவது பக்கத்திலேயே கொட்டாவி வந்தால் அவள் இன்ஜினியரிங்கிலிருந்து தப்பிக்கத்தான் இதைப் பிடித்திருக்கிறாள், அப்போது அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், வேறு வழிகளை உட்கார்ந்து பேசலாம். எதுவானாலும் இந்த வாரத்துக்குள் செய்துவிடுங்கள், அரசு கலைக் கல்லூரிகளுக்கும் சேர்த்து ஒரு விண்ணப்பம் போட்டுவையுங்கள். சர்நேம் கட்டம் வந்தால் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயர் எப்படி இருக்கிறதோ அதைப் பார்த்து அப்படியே நிரப்பச் சொல்லுங்கள், பின்னால் திருத்த அலைவது பெரிய வேலை.