தோற்ற அதிபரும் 22 பேர் போட்ட மனுவும்

கேள்வி: ஜாக்சனைவிடக் குறைவான ஓட்டு வாங்கியும், ஹென்றி கிளேயோடு பேரம் பேசி அமெரிக்க அதிபரானவர் ஜான் குவின்சி ஆடம்ஸ். அடுத்த தேர்தலிலேயே மக்கள் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவரைப் பெரிய தலைவர்கள் வரிசையில் வைப்பது நியாயமா?

பதில்: ஓட்டுக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். 1824-ல் தேர்வாளர் ஓட்டுகள் (அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் அனுப்பும் பிரதிநிதிகளின் ஓட்டுகள்) மொத்தம் 261. ஜெயிக்க 131 வேண்டும். ஜாக்சனுக்கு 99, ஆடம்ஸுக்கு 84, கிராஃபோர்டுக்கு 41, கிளேக்கு 37. யாருக்கும் பெரும்பான்மை இல்லாவிட்டால், முதல் மூவரில் ஒருவரைப் பிரதிநிதிகள் சபை மாநிலத்துக்கு ஒரு ஓட்டு என்ற கணக்கில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 12-வது திருத்தம். 24 மாநிலங்களில் 13 ஆடம்ஸ் பக்கம் நின்றன. குறுக்குவழி எதுவும் இதில் இல்லை. ஆனால், தன்னை ஆதரித்த கிளேயையே வெளியுறவு அமைச்சராக்கினாரே, அது பெரும் பிழை. பேரத்தை யாரும் நிரூபிக்கவில்லை. பழி மட்டும் கடைசிவரை ஒட்டிக்கொண்டது. 1828-ல் 178-க்கு 83 என்று தோற்றார்.

அந்த நான்கு ஆண்டுகளுக்காக நான் வாதாடப் போவதில்லை. தேசியப் பல்கலைக்கழகம், வானாய்வு நிலையம் என்று அவர் கேட்டதைக் காங்கிரஸ் கொடுக்கவில்லை. நீங்கள் தவறவிட்டது அதற்குப் பிந்தைய 17 ஆண்டுகளை. அதிபராக இருந்தவர், 1831 முதல் மாசசூசெட்ஸின் ஒரு தொகுதிக்குச் சாதாரண உறுப்பினராகச் சபையில் உட்கார்ந்தார். அந்தத் தொகுதி மக்கள் அவரைச் சாகும்வரை மாற்றவில்லை.

அடிமை முறைக்கு எதிரான மனுக்கள் அப்போது மூட்டை மூட்டையாக வந்தன. வழக்கமாக ஒரு மனுவைச் சபை ஏற்கும், குழுவுக்கு அனுப்பும், தேவைப்பட்டால் அச்சிடும். 1836 மே மாதத் தீர்மானம் இதை அடைத்தது: அடிமை முறை பற்றிய எந்த மனுவும் அச்சாகாது, குழுவுக்குப் போகாது, நேராகக் கிடப்பில் போகும். 117-க்கு 68 ஓட்டில் நிறைவேறிய அந்த வாய்ப்பூட்டில் ஒரு சிறு இடைவெளி இருந்தது. ஒரு மனு தீர்மானத்துக்குள் அடங்குமா என்று சபாநாயகரிடம் கேட்பதைத் தடுக்க முடியாது.

1837 பிப்ரவரி 6 அன்று ஆடம்ஸ் எழுந்தார். தங்களை அடிமைகள் என்று சொல்லிக்கொள்ளும் 22 பேர் ஒப்பமிட்ட காகிதம் கையில். இது தீர்மானத்துக்குள் வருமா என்று மட்டும் கேட்டார். அடிமை முறை நிலவிய தென்மாநிலங்களின் உறுப்பினர்கள் கொதித்தெழுந்து, கண்டிக்க வேண்டும், வெளியேற்ற வேண்டும் என்று கத்தினார்கள். அவர்கள் கத்தித் தீரும்வரை பொறுத்திருந்துவிட்டு, தான் மனுவைத் தாக்கல் செய்யவே இல்லை என்றும், அதிலுள்ள கோரிக்கை அவர்கள் நினைப்பதற்கு நேர்மாறானது என்றும் சொன்னார். தீர்மானங்கள் அப்படியே சரிந்தன.

எதிரணி 1840-ல் பூட்டை இறுக்கியது. இனி அந்த மனுக்களைச் சபை வாங்கவே வாங்காது என்று நிலையான விதியே போட்டார்கள். தவறு அங்கேதான். அடிமை முறையைப் பற்றிக் கவலைப்படாத வடக்கத்தியர்கூட, தன் மனுவையும் தொடமாட்டார்களோ என்று யோசிக்கத் தொடங்கினார்கள். அந்த விதி தேறியது 114-க்கு 108 என்ற நூலிழையில்.

1842-ல் மாசசூசெட்ஸின் ஹேவர்ஹில் ஊர்க்காரர்கள் 46 பேர், அமெரிக்க மாநிலங்களின் ஒன்றியத்தையே கலைக்கச் சொல்லி மனுப் போட்டார்கள். கோரிக்கையை ஏன் ஏற்க முடியாது என்று பதில் எழுத ஒரு குழுவுக்கு அனுப்புங்கள் என்றார் ஆடம்ஸ். அதற்கே அவர்மீது கண்டனத் தீர்மானம். 74 வயதில் சுமார் இரண்டு வாரம் தனக்காகத் தானே வாதாடினார். சுதந்திரப் பிரகடனத்தின் தொடக்கத்தைச் சபையில் படிக்கவைத்தார். தீர்மானம் 106-க்கு 93 ஓட்டில் கிடப்புக்குப் போனது. மனுக்கள் போய்க்கொண்டிருந்த அதே இடம்!

இடையில் 1841-ல், அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டபோது அமிஸ்டாட் கப்பலில் கிளர்ந்தெழுந்த ஆப்பிரிக்கர்களுக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடி விடுதலை வாங்கித்தந்ததும் இவர்தான்.

1831-ல் முதல் 15 மனுக்களைக் கொடுத்தபோது, அவற்றின் கோரிக்கையை நான் ஆதரிக்கவில்லை என்றுதான் சபையில் சொன்னார். ஏற்காத மனுவையும் சபையின் முன்வைப்பது தன் கடமை என்று நினைத்தவர் அவர். வாய்ப்பூட்டு விதி 1844 டிசம்பர் 3 அன்று 108-க்கு 80 ஓட்டில் நீங்கியது. நீக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர், நீங்கள் சொல்லும் அந்த வீட்டுக்கு அனுப்பப்பட்ட அதிபர்.