கனடிய ஃபுட்பாலில் (நம்ம ஊர் கால்பந்து அல்ல, அமெரிக்க ஃபுட்பால் மாதிரியான ஆட்டம்) ஒரு கிக்கர், அதாவது பந்தை உதைப்பதற்கென்றே உள்ள வீரர், 25 சீசன் ஆடினார் என்கிறார்களே, அது எப்படிச் சாத்தியம்?

நீங்கள் கேட்பது லூயி பசாலியாவைப் பற்றி. வான்கூவரில் பிறந்தவர், 1976 முதல் 2000 வரை சொந்த ஊர் அணியான பிசி லயன்ஸுக்கு மட்டுமே ஆடினார். மொத்தம் 3,991 புள்ளிகள்.

மற்ற வீரர்களைப் போல கிக்கர் ஒவ்வொரு ஆட்ட நகர்விலும் மோதி விழுவதில்லை. அதனால் உடம்பு தாங்கும். ஆனால் அது பாதி பதில்தான். பசாலியா கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுக்கும் கோல் உதையோடு, பந்தைக் கையிலிருந்து விட்டு எதிரணிப் பக்கம் தூரமாக அனுப்பும் பன்ட் உதையையும் தானே செய்தார். இரண்டு வேலைக்கும் ஒரே ஆள் என்றால் அணி அவரை எளிதில் விடுமா?

மீதிப் பாதி மனசு. கனடிய ஃபுட்பால் லீகின் சாம்பியன் கோப்பையான கிரே கோப்பையின் 1994 இறுதி ஆட்டத்தைப் பாருங்கள். எதிரணி பால்டிமோர், ஸ்கோர் 23-23. கடைசி நேரத்தில் 37 யார்டு உதையைத் தவறவிட்டார். கனடிய விதிப்படி, தவறிய பந்து எண்ட் ஸோனுக்குள் (கோல் கோட்டைத் தாண்டிய மைதானக் கடைசிப் பகுதி) போய், எதிரணி அதை வெளியே கொண்டுவராவிட்டால் ஒரு புள்ளி உண்டு. பால்டிமோர் வெளியே கொண்டுவந்துவிட்டது. அந்த ஒரு புள்ளியும் போச்சு. சரி, ஆட்டம் அங்கே முடியவில்லை. பந்து திரும்ப லயன்ஸ் கைக்கு வர, கடைசி நகர்வில் 38 யார்டிலிருந்து மறுபடி உதைத்தார். 26-23, கோப்பை லயன்ஸுக்கு. அப்போது அவருக்கு வயது 40!

அப்புறமும் ஆறு சீசன் ஆடினார். 2000-இல் மான்ட்ரியாலை 28-26 என வென்ற இறுதி ஆட்டமே அவருடைய கடைசி ஆட்டம். என்னைக் கேட்டால், தவறவிட்ட கையோடு அடுத்த உதைக்கு நிதானமாகப் போய் நின்றாரே, அதுதான் அவரை 25 வருடம் நிறுத்தியது.